காட்ஸில்லா ஃபிகர் தரமானதா என்று எப்படிப் பார்ப்பது?

வாசகர் கேள்வி, 11 ஜனவரி 2024

ஒருவர் தன் சேகரிப்பை விற்கிறார். அதில் ஜப்பானியப் படங்களில் வரும் ராட்சத மிருகம் காட்ஸில்லாவின் 6 அங்குல உருவப்பொம்மை (ஃபிகர்) ஒன்றைப் பெட்டி இல்லாமல் 6,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். போட்டோவில் பார்த்தால் கண்ணில் கருவிழியே இல்லை, வெறும் வெள்ளை. வாலில் மட்டும் பத்துப் பதினைந்து ஜாயின்ட் இருக்கும் போல. ஜாயின்ட் அதிகம் இருந்தால் நல்ல ஃபிகர் என்று எடுத்துக்கொள்ளலாமா? கையில் வாங்கியதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

11 ஜனவரி, இரவு

ஜாயின்ட் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதலில் நிற்கிறதா பாருங்கள். இரண்டு காலும் வாலும் சேர்ந்து மூன்று இடத்தில் தரையைத் தொட வேண்டும், கை எடுத்தால் ஆடக் கூடாது. அப்புறம் பல். ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிகிறதா, அல்லது வெள்ளைக் கோடு இழுத்தது போல ஒட்டிக்கிடக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக முதுகுத் தகடுகளின் ஓரம்.

கண்ணில் கருவிழி இல்லை என்றால் பெயின்ட் விட்டுப்போன டூப்ளிகேட்தான். விட்டுவிடுங்கள்.

12 ஜனவரி, காலை

நேற்று எழுதியதில் கடைசி வரி தவறு. படுத்த பிறகுதான் உறைத்தது. 2001-இல் ஷூசுகே கனேகோ இயக்கிய படத்தில் காட்ஸில்லாவுக்குக் கருவிழியே கிடையாது. பசிபிக் போரில் மாண்டவர்களின் ஆவிகள் அதற்குள் புகுந்திருக்கின்றன என்பது அந்தப் படத்தின் கதை. அதனால்தான் கண் முழுக்க வெள்ளை. உங்களுக்கு வந்திருப்பது அந்த 2001 காட்ஸில்லாவாக இருந்தால், கண்ணில் குறை ஒன்றும் இல்லை. அந்த ஃபிகரில் கருவிழி வரைந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பக்கவாட்டில் ஒரு போட்டோ கேளுங்கள். பாதத்தின் அடியையும் கேளுங்கள்.

12 ஜனவரி, மாலை

பாதத்தின் அடி எதற்கு என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். காட்ஸில்லாவின் உரிமை தோஹோ என்ற ஜப்பானியப் பட நிறுவனத்திடம் இருக்கிறது. உரிமம் வாங்கிச் செய்த ஃபிகர்களில் தோஹோ பெயரும் தயாரித்த கம்பெனியின் பெயரும் பெரும்பாலும் பாதத்தின் அடியிலோ வாலின் அடியிலோ பொடி எழுத்தில் பதிந்திருக்கும். டூப்ளிகேட் அச்சு பெரும்பாலும் அசல் ஃபிகரை வைத்தே எடுக்கப்படுவது. அப்படி எடுக்கும்போது எழுத்து மழுங்கிவிடும், அல்லது வேண்டுமென்றே அழித்திருப்பார்கள். எழுத்து மழுங்கியிருந்தால் தோலின் சொரசொரப்பும் மழுங்கித்தான் இருக்கும். இரண்டையும் ஒரே போட்டோவில் பார்த்துவிடலாம்.

14 ஜனவரி

போகிக்காக இன்று பரண் முழுக்க இறக்கினோம். நான்கு வருடமாகத் திறக்காத பெட்டி ஒன்று. உள்ளே மூன்று ஃபிகர்கள். கரப்பான் வரக் கூடாது என்று அப்போது பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தேன். ஒன்றின் பாதம், வைத்திருந்த பிளாஸ்டிக் தட்டோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்தபோது பெயின்டும் கூடவே வந்தது. நாப்தலீன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு நல்ல ஃபிகர் போயிற்று. யாரும் போடாதீர்கள்.

மற்ற இரண்டும் தொட்டால் பிசுபிசுப்பு. அது வேறு விஷயம். பிவிசியை மென்மையாக்கக் கலக்கும் எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் மேலே கசிகிறது. காற்றுப் புகாமல் மூடி வைத்தால் அங்கேயே தங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பை இரண்டு சொட்டு விட்டு, மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். போய்விட்டது. பழைய ஃபிகர் பிசுபிசுக்கிறது என்பதற்காக மட்டமான சரக்கு என்று ஒதுக்க வேண்டாம்.

17 ஜனவரி

வெள்ளைக் கண்ணில் நான் தடுக்கி விழுந்ததற்குக் காரணம் ஒன்றுதான். "காட்ஸில்லா" என்று ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டேன். அப்படி ஒன்று கிடையாது. ஏறக்குறைய ஒவ்வொரு படத்துக்கும், நடிகர் உள்ளே நின்று ஆடும் காட்ஸில்லா உடையைப் புதிதாகச் செய்தார்கள், அல்லது பழையதை மாற்றினார்கள். ஜப்பானிய ரசிகர்கள் ஒவ்வோர் உடைக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கோஜி என்பது காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான கோஜிராவின் சுருக்கம். 1954-இல் வந்தது ஷோதாய்கோஜி, அதாவது முதலாம் கோஜி. 1962-இல் கிங் காங்கோடு மோதியது கிங்கோஜி. 1989-இல் வந்தது பியோகோஜி.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் தரம் பிடிபடும். 1954 காட்ஸில்லாவுக்குச் சின்னக் காது உண்டு, காலில் நான்கு விரல். 1962-இல் காதை எடுத்துவிட்டார்கள், விரலும் மூன்றாகிவிட்டது. 1984-இல் இரண்டும் திரும்ப வந்தன. 1989-இல் பல் இரண்டு வரிசையாயிற்று. ஆகவே 1962 என்று எழுதிய பெட்டிக்குள் காது வைத்த ஃபிகர் இருந்தால், பெயின்ட் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் செதுக்கியவர் படத்தை ஊன்றிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். 1989 என்று சொல்லி ஒரே வரிசைப் பல் இருந்தாலும் அப்படித்தான்.

1995 படத்தில் உடம்பு உள்ளிருந்து எரியும். உடையில் அந்த இடங்களை ஒளி ஊடுருவும்படி செய்து உள்ளே விளக்கு வைத்தார்கள். ஃபிகரில் அந்த இடத்தில் ஒளி புகும் பிளாஸ்டிக் இருக்கிறதா, அல்லது கறுப்பு பிளாஸ்டிக் மேல் ஆரஞ்சு பெயின்ட் அடித்திருக்கிறதா என்று ஒரு டார்ச்சைப் பின்னால் பிடித்தால் தெரிந்துவிடும். பெயின்ட் அடித்தது மோசம் என்று சொல்ல மாட்டேன். விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

17 ஜனவரி, மறுபடியும்

காட்ஸில்லா பச்சைதானே என்று கேட்டவருக்கு: 1954 படம் கறுப்பு வெள்ளை. உடை கரிச் சாம்பல் நிறம். பச்சை என்பது பொம்மைகளும் போஸ்டர்களும் 1978-இல் வந்த அமெரிக்கக் கார்ட்டூனும் நம் கண்ணில் ஏற்றிய நிறம். பச்சை ஃபிகர் வைத்திருப்பதில் தவறே இல்லை, என்னிடமும் இருக்கிறது. ஆனால் "1954" என்று விற்கப்படும் ஃபிகர் பளிச்சென்ற பச்சையாக இருந்தால் யோசியுங்கள்.

23 ஜனவரி

ஜாயின்ட் பற்றிய முதல் கேள்விக்கு இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

என்னிடம் ஒரு 6 அங்குல ஃபிகர் இருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். வாங்கிய அன்று தாடை, கழுத்து, தோள், இடுப்பு, கணுக்கால், வால் என்று எல்லாமே திரும்பியது. இரண்டு மாதத்தில் வாலின் எடையை இடுப்பு தாங்கவில்லை. இப்போது சுவரில் சாய்த்தால்தான் நிற்கிறது. ஜாயின்ட் நிறைய வைத்தால் ஒவ்வொரு வெட்டிலும் தோலின் வரி அறுபடுகிறது, ஜாயின்ட்டுக்குள் சுழலும் ஒவ்வொரு உருண்டையும் ஒரு நாள் தேய்கிறது. இந்த இரண்டு நஷ்டத்துக்கும் ஈடாக அது ஒன்றைத் தர வேண்டும். திருப்பி நிறுத்தும் நிலை உயிரோடு இருக்க வேண்டும்.

வாங்கும்போது செய்ய வேண்டியது: வாலின் அடிப்பகுதியைப் பிடித்து ஃபிகரைக் கிடையாகத் தூக்குங்கள். வால்நுனி உடனே தொங்கிவிட்டால் ஜாயின்ட் லூஸ். ஒரு ஜாயின்ட் அசையவே இல்லை என்றால் பலம் கொடுக்காதீர்கள். பெயின்ட் ஒட்டியிருக்கும், உள்ளே இருக்கும் முளை முறிந்துவிடும். ஹேர் டிரையரில் அரை நிமிடம் சூடு காட்டி, மெதுவாகத் திருப்பினால் விடும். லூஸாகிப் போனதற்கு உருண்டையின் மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு அடித்து, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஒரே பூச்சு போதும். இரண்டாவது அடித்தால் உள்ளே போகாது.

பண்டாய் என்ற ஜப்பானிய பொம்மைக் கம்பெனியின் எஸ்.எச். மான்ஸ்டர்ஆர்ட்ஸ் வரிசையில் யூஜி சகாய் செதுக்கியவற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெட்டு எங்கே விழுகிறது என்பதையும் சேர்த்து யோசித்துச் செதுக்கியிருப்பார். தோல் மடிப்பிலேயே ஜாயின்ட் ஒளிந்துகொள்ளும்.

24 ஜனவரி

ஒன்று விட்டுப்போயிற்று. அளவு. சில பெட்டிகளில் 12 அங்குலம் என்று போட்டிருக்கும். அது தலையிலிருந்து வால்நுனி வரை. நிற்கும் உயரம் 6, 7 அங்குலம்தான் வரும். உயரம் எவ்வளவு, மொத்த நீளம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

6 பிப்ரவரி

சோஃபுபி என்பது மென்மையான வினைலில் செய்த, உள்ளே கூடான ஜப்பானிய பொம்மை. இங்கே ஒருவர், "அசையாத சோஃபுபியெல்லாம் குழந்தைகள் பொம்மை, அதைப் போய்த் தரம் பார்ப்பானேன்" என்று எழுதியிருக்கிறார். இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

டோக்கியோவில் வேலை பார்த்த காலத்தில் விடுமுறை நாளென்றால் நகானோ பிராட்வேக்குப் போய்விடுவேன். மாடி மாடியாகப் பழைய பொம்மைக் கடைகள். கண்ணாடி அலமாரிக்குள் மருசான் கம்பெனியின் சோஃபுபி. அவர்கள் 1966-இல் சோஃபுபி கைஜுக்களை (ராட்சத மிருகங்களை) விற்க ஆரம்பித்தார்கள், பின்னால் அந்த வேலையை புல்மார்க் கம்பெனி தொடர்ந்தது. குண்டு உடம்பு, சிரித்த முகம், படத்துக்குச் சம்பந்தமே இல்லாத நிறம். முதல் தடவை பார்த்தபோது நானும் முகம் சுளித்தேன். இதற்கா இந்த விலை என்று.

செய்கிற விதம் தெரிந்த பிறகுதான் பார்வை மாறியது. மெழுகில் மூலம் செய்து, அதன் மேல் மின்முலாம் பூசும் முறையில் செம்பு ஏற்றி அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சில் திரவ வினைலை ஊற்றிச் சூடான எண்ணெயில் இறக்குகிறார்கள். சுவரோடு ஒட்டியது மட்டும் வெந்து கெட்டியாகும், மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு மறுபடி சூடாக்கி, இளஞ்சூட்டோடு குறடால் பிடித்து வெளியே இழுக்கிறார்கள். அச்சு இரண்டு பாதியாகத் திறப்பதில்லை. அதனால் பக்கவாட்டில் அச்சுக்கோடு விழுவதில்லை. பிவிசி ஃபிகரில் தொடையின் ஓரமாக ஓடும் பிசிறு இதில் இருக்காது. தலையையும் கையையும் மாட்டும் வாய்ப்பகுதியைக் கத்தியால் கையாலேயே நறுக்குகிறார்கள். ஒரு சோஃபுபியின் தரத்தை அங்கேதான் பார்க்க வேண்டும். கழுத்து ஜாயின்ட்டில் வெட்டு நேராக இருக்கிறதா, தலை இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா, சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்கிறதா. விரலால் லேசாக அழுத்தினால் மெலிந்த இடம் தெரிந்துவிடும்.

எனவே "பொம்மை" என்று சொன்னவரோடு எனக்குச் சண்டை இல்லை. பொம்மைதான். நூற்றுக்கணக்கில் இழுத்து எடுத்த கையின் சூடு அதில் இருக்கிறது.

படத்துக்கு நெருக்கமான வினைல் வேண்டுமென்றால் எக்ஸ்-பிளஸ் கம்பெனி பக்கம் போங்கள். அசைவு மிகக் குறைவு, நிற்பதோ மலை போல.

7 பிப்ரவரி

17-ஆம் தேதிக் குறிப்பில் படத்தோடு பொருந்த வேண்டும் என்று எழுதினேன். நேற்று மருசானைப் புகழ்ந்தேன். இரண்டும் முரண்படுகிறது என்று சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். என் பதில்: பெட்டி என்ன வாக்கு கொடுக்கிறதோ அதை வைத்துப் பாருங்கள். மருசான் 1954 உடையைத் தருகிறேன் என்று சொல்லவில்லை. ஒரு வருடத்தையும் படத்தையும் பெட்டியில் அச்சடித்து விற்கிற ஃபிகர் அதைத்தான் சொல்கிறது.

19 பிப்ரவரி

இன்று எழுதப்போவதுதான் இந்த விஷயத்தில் எனக்கு உண்மையாகவே தெரிந்த ஒன்று. மற்றதெல்லாம் எங்கும் கிடைக்கும்.

நேற்று இரவு மின்சாரம் போயிற்று. மேசையில் இரண்டு 1954 காட்ஸில்லாக்கள் அருகருகே நின்றன. பகலில் பார்த்தால் விலை கூடியதுதான் அழகு. தண்ணீர் எடுக்க எழுந்தபோது போன் டார்ச் கை தவறி விழுந்து, தரையிலிருந்து மேல்நோக்கி வெளிச்சம் அடித்தது. குனிந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். விலை கூடியது முகமெல்லாம் தட்டையாகிக் கறுப்புக் கட்டியாக நின்றது. மலிவானது சுவரில் நிழலோடு எழுந்து நின்று என்னைப் பார்த்தது. புருவத்தின் அடியில் கண் குழிந்து, தாடை துருத்தி, தோலின் ஒவ்வொரு முடிச்சும் தனியாக நிழல் விட்டு. நெஞ்சு அடித்துக்கொண்டது.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமே இல்லை. 1954 படத்தின் தந்திரக் காட்சிகளை இயக்கிய எய்ஜி சுபுராயா எடுத்ததே அப்படித்தான். மனிதன் உள்ளே நிற்கும் 2 மீட்டர் உடை, கதையில் 50 மீட்டர் உயரம், ஆகவே கட்டடங்கள் 25-இல் ஒரு பங்கு அளவில். கேமராவைத் தாழ வைத்து, வேகமாக ஃபிலிம் ஓட்டி எடுத்தார்கள். அதை வழக்கமான வேகத்தில் ஓட்டும்போது திரையில் அசைவு மெதுவாகி எடை கூடிவிடும். அந்த உருவத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் செய்தார்கள். நாமோ வாங்கும்போது கையில் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்கிறோம். விற்பவர் போடும் போட்டோவும் வெள்ளைப் பின்னணியில், நாலா பக்கமும் வெளிச்சம் அடித்து, நேருக்கு நேர்.

எனவே என் வழி இப்போது இதுதான். ஃபிகரை உயரமான இடத்தில் வையுங்கள். உங்கள் கண் அதன் முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும். ஒரே ஒரு விளக்கு, பக்கவாட்டில். போன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி ஒரு படம் எடுங்கள். நிறம் போனதும் பெயின்ட் ஒளித்துவைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிடும். செதுக்கல் ஆழமாக இருந்தால் தோல் உயிர் பெறும். ஆழம் இல்லாமல் காய்ந்த பிரஷ்ஷால் மேலே சாம்பல் நிற பெயின்ட் தேய்த்து ஏமாற்றியிருந்தால் கரிக்கட்டை போலத் தெரியும். அந்தத் தோலை ஹிரோஷிமாவில் பிழைத்தவர்களின் தழும்புகளோடு ஒப்பிட்டுப் பலரும் எழுதியிருக்கிறார்கள். தழும்பு என்று நினைத்துச் செதுக்கியவரின் வேலைக்கும் முதலைத் தோல் என்று நினைத்துச் செதுக்கியவரின் வேலைக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியும்.

21 பிப்ரவரி

உடைக்குள் இருந்தவரையும் மறக்க வேண்டாம். ஹருவோ நகஜிமா. உயேனோ உயிரியல் பூங்காவில் நாள்கணக்காக நின்று யானையும் கரடியும் எப்படிக் கால் வைக்கின்றன என்று பார்த்தவர். 1954-இல் முதலில் செய்த உடை 100 கிலோவுக்குப் பக்கம், நாலு எட்டு வைக்கவே முடியவில்லை. அதை இடுப்போடு வெட்டிக் காலை மட்டும் காட்டும் காட்சிகளுக்குப் பயன்படுத்தினார்கள். அந்தப் பாரம் ஃபிகரின் இடுப்பிலும் தொடையிலும் இருக்க வேண்டும். ஓட்டப்பந்தய வீரன் போலத் தொடை ஒல்லியாக இருந்தால் அது 1954 காட்ஸில்லா இல்லை.

2016 காட்ஸில்லா வேறு கணக்கு. கை சின்னது, உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பியிருக்கும், கண் பொடி, வால்நுனியில் மனித உருவங்கள் பின்னிக்கிடக்கும். கியோகென் என்ற ஜப்பானிய மரபு நகைச்சுவை நாடகத்தின் நடிகர் மன்சாய் நோமுராவின் அசைவை வைத்து அதை நடக்கவைத்தார்கள். அந்த ஃபிகரை வாங்கினால் முகத்தை விட வால்நுனியை முதலில் பாருங்கள். மலிவுப் பதிப்புகளில் அது வெறும் முடிச்சாகிவிடும்.

11 மார்ச்

இன்று காலை ஆஸ்கரில் விஷுவல் எஃபெக்ட்ஸ் விருது 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' படத்துக்காக இயக்குநர் தகாஷி யமசாகி குழுவுக்கு! 35 பேர், 610 ஷாட். கையில் காட்ஸில்லா ஃபிகர்களோடும் காலில் நகம் வைத்த ஹீல்ஸோடும் வந்திருந்தார்கள். அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போனேன்.

இதையொட்டி ஒன்று. அந்தப் படத்தில் காட்ஸில்லா வாயிலிருந்து கதிர் வீசும் முன் முதுகுத் தகடுகள் வாலிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். ஃபிகரில் தகடுகள் மடங்கிய நிலையா, எழும்பிய நிலையா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அப்புறம் உயரம். கதையில் இது 50.1 மீட்டர், 2016-இல் வந்தது 118.5 மீட்டர். பழைய 50 மீட்டர் காட்ஸில்லாவை 16 செ.மீ. உயரத்தில் செய்தால் அதே கணக்கில் 2016-இல் வந்ததற்கு 38 செ.மீ. வர வேண்டும். அலமாரியில் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்பது விற்பனை வசதிக்காகத்தான். எனக்கு அது உறுத்துகிறது. பலருக்கு உறுத்தவில்லை.

9 மே

வெயில். வினைல் வைத்திருப்பவர்கள் ஜன்னலோர அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். என் பெரிய ஃபிகர் ஒரு வாரத்தில் முன்பக்கம் சாய ஆரம்பித்தது. காலைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீர் அல்ல, நன்றாகச் சூடான தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து, நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீரில் முக்கினேன். நின்றுவிட்டது. உள்ளே புகுந்த தண்ணீரைக் கவிழ்த்துக் காயவைக்க மறக்காதீர்கள். ஒளி புகும் நீலத் தகடு வைத்தவை இருந்தால் வெயில் கண்ணிலேயே காட்ட வேண்டாம், மஞ்சளித்துவிடும்.

2 ஜூன்

முதல் கேள்வி கேட்டவர் ஒரு வழியாகப் போட்டோ அனுப்பிவிட்டார். பாதத்தின் அடியில் எழுத்து கூராக இருக்கிறது. 2001 காட்ஸில்லாதான். மேசையின் ஓரத்தில் வைத்து, தரையில் உட்கார்ந்து, கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். அந்த வெள்ளைக் கண் இருட்டில் என்ன செய்கிறது என்று அந்தப் படத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். விலையை 5,800-க்குக் குறைத்து வாங்கியிருக்கிறார், நல்ல விலை.

வாலில் அடியிலிருந்து நான்காவது ஜாயின்ட் மட்டும் தொங்குகிறது. நெயில் பாலிஷ், ஒரு பூச்சு. காய ஒரு நாள் விடுங்கள்.